சவரக்கத்தியைக் கையிலெடுப்பதற்கு முன்

சவரக்கத்தி எனப்படுவது, ஒரு பக்கம் தடித்த முதுகும் மறுபக்கம் மிக மெல்லிய கூரும் கொண்ட உருக்கு அலகு ஒன்றை, உறையாகவும் பிடியாகவும் ஒருங்கே பயன்படும் இரு தகடுகளுக்கிடையே மடித்து வைக்கத்தக்கவாறு பொருத்திய கருவியாகும். இன்று வீடுகளில் வழங்கும் ரேசர்களில் கூருக்கும் தோலுக்கும் இடையே ஒரு காப்பு நின்று வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது. சவரக்கத்தியில் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. காப்பின் வேலையைக் கையே செய்ய வேண்டியிருப்பதால், இக்கருவியை வாங்கினால் மட்டும் போதாது, அதைப் பழகவும் வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்கு இந்தக் கத்தி அந்நியமான பொருளன்று. காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளிலும் ஜம்பட்டா வீதிச் சுற்றாடலிலும் உள்ள சலூன்களில் நாற்காலியில் சாய்ந்து முகம் வழித்துக்கொண்ட எவரும் அதன் தொடுகையை அறிவர். ஆயினும் அது எப்போதும் இன்னொருவரின் கையிலிருந்த கருவியாகவே அறியப்பட்டு வந்துள்ளது. பாவித்து எறியும் பிளாஸ்டிக் ரேசர்களின் குப்பை, பல பிளேட்கள் அடுக்கிய ரேசர்களால் சிலருக்குக் கழுத்தில் தோன்றும் கொப்புளங்கள், நல்ல கருவியொன்றைத் தானே பேணிக் கையாள வேண்டும் என்ற ஆர்வம் ஆகிய காரணங்களால் அதை வீட்டில் பழக விரும்புவோர் இப்போது உலகின் பல நகரங்களிலும் காணப்படுகின்றனர். அவ்வாறு பழகப் புகுபவர் விரைவில் அறிந்துகொள்வது யாதெனில், இக்கலையின் பெரும்பகுதி முகத்தில் நிகழ்வதன்று என்பதே. கூரைப் பேணுதல், மயிரை மென்மையாக்குதல், கத்தியை உலர்த்தி வைத்தல் என, சலூன் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருப்பவரின் பார்வைக்கு எட்டாத வேலைகளிலேயே அதன் வெற்றியும் தோல்வியும் தங்கியுள்ளன.

பிறர் கையிலிருந்து தன் கைக்கு

தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்வது பொதுவழக்கானது, சவரத்தின் நெடிய வரலாற்றோடு ஒப்பிட்டால், அண்மைக் காலத்திலேயே ஆகும். 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பகுதியில் கடிகார வினைஞரான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், உருக்கை மூசையில் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கியதன் பயனாக, சீரான கடினமும் நீடித்த கூரும் கொண்ட கத்திகளைச் செய்வது எளிதாயிற்று. 1769ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் கத்தி வினைஞர் ழான் ழாக் பெரே, தன்னைத்தானே சவரம் செய்யக் கற்பதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். கத்தியின் அலகை மரக் காப்பொன்றால் மூடி, கூரின் சிறு பகுதி மட்டும் வெளியே தெரியுமாறு அமைக்கும் எண்ணமும் அவருடையதே. 19ஆம் நூற்றாண்டில் அலகின் இரு பக்கங்களையும் உட்குழிவாகத் தேய்த்து மெலிதாக்கும் முறை பரவியபோது, ஜேர்மனியின் சோலிங்கன் நகரம் ஷெஃபீல்டுக்கு இணையான புகழைப் பெற்றது.

பெரேயின் எண்ணம் பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட்டின் கையிலாகும். தீட்ட வேண்டிய தேவையே இல்லாமல், மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேட்டை அவரது நிறுவனம் 1903இல் விற்கத் தொடங்கியபோது, அவ்வாண்டில் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேட்களும் மட்டுமே. மறு ஆண்டில் ரேசர்களின் விற்பனை 90,000ஐ எட்டியது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏறத்தாழ 35 இலட்சம் ரேசர்கள் வழங்கப்பட்டமையால், தன் முகத்தைத் தானே வழிக்கும் பழக்கம் ஒரு தலைமுறை முழுவதற்கும் படிந்தது. இம்மாற்றத்தில் சவரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கூரைப் பேணும் அறிவு வீட்டுக்கு வரவில்லை. அது தேவையற்றதாக்கப்பட்டது.

ஈழத் தமிழரிடையே இவ்வரலாறு வேறொரு பாதையில் சென்றது. யாழ்ப்பாணச் சமூகத்தில் சவரம் குடிமைத் தொழில்களுள் ஒன்றாக, அதாவது குறித்த சாதியினர் குறித்த குடும்பங்களுக்குப் பரம்பரையாகச் செய்யக் கட்டுப்பட்ட ஊழியங்களுள் ஒன்றாக இருந்தது. சவரத் தொழிலாளர் வீடு தேடி வந்து முகமும் தலையும் வழித்ததோடு, மரணச் சடங்குகளிலும் அவர்களுக்கென விதிக்கப்பட்ட கடமைகள் இருந்தன. நகரங்களில் சலூன் தோன்றியபோது, வாடிக்கையாளர் கடை தேடி வருவதும், வேலைக்குக் குறித்த கூலியைக் காசாகக் கொடுப்பதும் வழக்காகி, குடிமை உறவின் பிடி தளர்ந்தது. சாதியின் பெயரால் ஒருவர் மீது சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் இம்மாற்றக் காலத்துக்கே உரியது.

கத்தியையும் எழுத்தையும் ஒருங்கே கையாண்ட டொமினிக் ஜீவாவின் வாழ்வு இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சாதி இழிவுரைகளால் பள்ளிப் படிப்பை இளமையிலேயே கைவிட்டுத் தந்தையின் தொழிலுக்கு வந்த அவர், கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் பணிபுரிந்தவாறே சிறுகதைகள் எழுதினார். அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ இதழின் ஆசிரியர் பணி நெடுங்காலம் அச்சலூனிலிருந்தே நடைபெற்றமையால், இலக்கியம் பேச வருவோரும் முகம் வழிக்க வருவோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர். பிற்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்த அவர், கொழும்பு 13இல் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து இதழைத் தொடர்ந்து நடத்தி, 400 இதழ்கள்வரை கொண்டுசென்று, 2021 ஜனவரியில் கொழும்பிலேயே மறைந்தார். தம் தொழிலை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. எழுத்தாளர் என்ற அடையாளத்தோடு அதையும் சேர்த்தே வெளிப்படையாகச் சொல்லி வந்தார்.

தானே மழிக்கும் வழக்கத்துக்கு இலங்கையில் மற்றொரு மரபும் உண்டு. பௌத்த பிக்கு ஒருவர் தம்முடையதாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களுள், மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சு, ஊசி, நீர்வடி ஆகியவற்றோடு மழிக்கும் கத்தியும் ஒன்றாகும். ‘அட்டபிரிகர’ எனச் சிங்களத்தில் வழங்கும் அத்தொகுதி தானப் பொருளாக இன்றும் நாடெங்கும் விற்கப்படுகிறது.

கத்தியைத் தேர்தல்

சவரக்கத்தியின் அகலம் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகக் கணக்கிடப்படுகிறது. பழகுபவருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது எட்டில் ஐந்து அளவு, அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் அகலமுள்ள அலகாகும். இதைவிடக் குறுகியது நுரையைத் தாங்காது, அகன்றது மூக்கின் கீழ்ப் புகாது. அலகின் நுனி கூர்முனையாக முடியும் கத்திகள் மீசையின் ஓரத்தை நேராக்க உதவினாலும், காதுமடலையும் உதட்டோரத்தையும் எளிதில் கீறிவிடக்கூடியவை. எனவே தொடக்கத்தில் வளைந்த நுனியுள்ளதே நல்லது. உட்குழிவாகத் தேய்த்த மெல்லிய அலகு மயிரை வெட்டும்போது மெலிதான ஓசை எழுப்பும். ஓசையின் மாற்றத்தால் கத்தி பிடித்திருக்கும் சாய்வு சரியா தவறா என்பதை உணர முடிவதால், இவ்வகை அலகு கற்பவருக்கு ஓர் ஆசிரியராகவும் அமைகிறது.

உருக்கிலும் இரு வகைகள் உள்ளன. காபன் உருக்கு எளிதில் தீட்டத்தக்கது, ஆனால் ஈரத்தில் விரைவில் துருப்பிடிப்பது. குரோமியம் சேர்ந்த துருவேறா உருக்கு தீட்டுவதற்குச் சற்றுக் கடினமானது, ஆனால் கடற்காற்றைப் பெரிதும் தாங்குவது. கரையோரப் புகையிரதப் பாதைக்கு அப்பால் கடலைக் கொண்ட வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளில் வாழ்பவருக்கு இரண்டாவது வகையே தொல்லை குறைந்தது. புதிய கத்திகள் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போது சவரத்துக்கேற்ற கூரோடு வருவதில்லை என்பதையும், பழைய கத்தியொன்றை வாங்குபவர் அதன் கூரில் வெடிப்போ முதுகின் அருகே ஆழ்ந்த துருக்குழியோ உள்ளதா என உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

கொழும்புச் சலூன்களில் இன்று பெரும்பாலும் காணப்படுவது இதே வடிவமுடைய, ஆனால் இருபக்கப் பிளேட்டை உறையோடு நடுவே ஒடித்து அதன் ஒரு பாதியைச் செருகும் மடிப்புக் கத்தியாகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய பிளேட் இடுவதால் இரத்தத்தின் வழி பரவும் ஈரல் அழற்சி போன்ற நோய்களின் ஆபத்து நீங்குகிறது. ஈரல் அழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள்கள் வீரியத்தோடு இருக்கக்கூடியது என்பதால் இந்த மாற்றம் இன்றியமையாதது. வீட்டில் பழகுபவரும் இவ்வகைக் கத்தியில் தொடங்கலாம். தீட்டும் வேலை இல்லை, விலையும் குறைவு. எனினும் 0.1 மில்லிமீற்றர் தடிப்பேயுள்ள பிளேட்டின் கூர் மிகக் கடுமையானது. முழு உருக்கு அலகு பொறுத்துக்கொள்ளும் சிறு தவறுகளை அது பொறுப்பதில்லை. எவ்வகைக் கத்தியாயினும் ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். தந்தையும் மகனும்கூட அதைப் பகிரலாகாது.

கூர் எவ்வாறு வாழ்கிறது

முகமயிர் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், நன்கு தீட்டிய கூரின் விளிம்போ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெலிதானது. உருக்கு மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானதாயினும் மயிரை வெட்டியே கூர் கெடுகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விளக்கம் தந்தனர். வெட்டுக்கு முன் மயிர் வளைந்து கூரைப் பக்கவாட்டில் தள்ளுவதாலும், உருக்கின் நுண்ணமைப்பு எல்லா இடத்திலும் ஒருசீராக இல்லாமையாலும், கடினமும் மென்மையும் சந்திக்கும் இடங்களில் கூர் நுண்ணிய சில்லுகளாக உடைகிறது என்பது அவர்களின் முடிபு. மயிர் நன்றாக நனைந்து மென்மையாக இருந்தால் இச்சேதம் குறையும் என்பது பழைய சவரத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்ததோடு ஒத்துப்போகிறது.

கூரைப் பேணும் வேலை இரண்டு வகைப்படும். ஒன்று வாரில் இழுத்தல். இது ஒவ்வொரு சவரத்துக்கும் முன் செய்யப்படுவது. மற்றொன்று கல்லில் தீட்டுதல். இது சில மாதங்களுக்கு ஒருமுறை போதுமானது. வார் என்பது ஒரு முனையில் கொக்கியில் மாட்டி மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடிக்கும் தோற்பட்டையாகும். அதன் பின்புறத்தில் தடித்த பருத்தித் துணிப்பட்டை ஒன்றும் இணைந்திருக்கும். முதலில் துணியில் 20 முறையும் பின்னர் தோலில் 40 முதல் 60 முறையும் இழுப்பது பொது வழக்கு. கத்தியை வாரின் மேல் முழுத் தட்டையாகப் படுக்க வைத்து, முதுகு முன்னே செல்லக் கூர் பின்னே வருமாறு இழுத்து, முனையை அடைந்ததும் முதுகை அச்சாகக் கொண்டு புரட்டி எதிர்த்திசையில் மீள வேண்டும். முதுகை ஒருபோதும் வாரிலிருந்து தூக்கலாகாது. தூக்கினால் கூர் தோலில் உருண்டு மழுங்கும், அல்லது வாரையே வெட்டிவிடும். கற்பவர் முதலில் வேகத்தை நாடுகின்றனர்; ஆனால் மெதுவாகச் சரியாக இழுத்த 20 இழுப்புகள் விரைவாகத் தவறி இழுத்த 100 இழுப்புகளைவிடப் பயனுள்ளவை.

கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரக் கல்லைத் தொடுகின்றன. முதுகின் தடிப்பே கூரின் கோணத்தை நிருணயிக்குமாறு கத்தி வடிவமைக்கப்பட்டுள்ளதால், அக்கோணம் 16 முதல் 18 பாகையளவில் தானாகவே அமைகிறது. வேறெந்தக் கத்தியிலும் தீட்டுபவரின் கையே பேண வேண்டிய கோணத்தை இங்கு கருவியே பேணுகிறது. கற்கள் அவற்றின் துகள் நுண்மையால் எண்ணிடப்படுகின்றன: 1000 எண்ணுள்ள கல் சிதைந்த கூரை மீட்பதற்கு, 4000 முதல் 8000 வரையுள்ளவை நுண்மையாக்குவதற்கு, 12000 மெருகேற்றுவதற்கு. சமையற் கத்திகளைச் சுழலும் சில்லில் வைத்துச் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கலாகாது. சில்லின் உராய்வால் மெல்லிய கூர் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் உருக்கின் பதம் கெட்டு, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காத நிலை ஏற்படும். முதுகுக்கும் கூருக்கும் உள்ள அளவுப் பொருத்தமும் அழிந்துவிடும். தீட்டப் பழகாதவர் தொடக்கத்தில் இவ்வேலையைத் தெரிந்தவரிடம் விட்டு, வாரில் இழுப்பதை மட்டும் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

ஷெஃபீல்ட் வினைஞர்கள் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகளை விற்றனர். ஒரு சவரத்துக்குப் பின் கூருக்கு ஓய்வு வேண்டும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. செவ்வாயிலும் வெள்ளியிலும் முகம் வழிப்பதைத் தவிர்க்கும் வழக்கமுள்ள தமிழ் வீடுகளில் இந்த ஓய்வு செலவின்றியே கிடைக்கிறது.

நீரும் சவர்க்காரமும்

மயிர் நீரை உறிஞ்சும்போது வீங்கி மென்மையடைகிறது. இதற்கு இரண்டு முதல் மூன்று நிமிடங்கள் வேண்டும். குளித்து முடித்த உடனேயோ, இளஞ்சூடான நீரில் நனைத்த துவாயை முகத்தில் சிறிது நேரம் வைத்திருந்த பின்னரோ சவரத்தைத் தொடங்குவது இதனாலேயே. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறிவரும் கிணற்று நீரில் கல்சியம் மிகுதியாதலால் சவர்க்காரம் நுரைப்பது அரிது. அதன் ஒரு பகுதி நுரையாகாமல் வெண்படிவாகப் பிரிந்து வீணாகிறது. களனி கங்கை நீரை அம்பத்தலையில் சுத்திகரித்துப் பெறும் கொழும்பு நகர நீர் அதைவிட மென்மையானது. ஆகவே குறைந்த சவர்க்காரத்தில் நிறைந்த நுரை எழும். வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியவர் தம் பழைய அளவிலேயே சவர்க்காரத்தை எடுத்தால், நுரை தடித்து உலர்ந்து, கத்தி வழுக்காமல் தடைப்படும்.

நுரைப்பதற்குத் தூரிகை வேண்டும். வளைக்கரடி மயிர், பன்றி மயிர், செயற்கை இழை என மூவகைத் தூரிகைகள் விற்பனையில் உள்ளன. பன்றி மயிரை ஏற்காத முஸ்லிம் குடும்பங்களும் விலங்கு மயிரை விரும்பாத சைவ உணவினரும் அருகருகே வாழும் இப்பகுதிகளில் செயற்கை இழைத் தூரிகையே எவருக்கும் தடையற்றது, விரைவில் உலர்வதும் அதுவே. நனைத்துப் பிழிந்த தூரிகையால் சவர்க்காரத்தின் மேல் சுழற்றி, துளித்துளியாக நீர் சேர்த்து, குமிழிகள் கண்ணுக்குத் தெரியாதவாறு தயிரின் பதத்துக்கு நுரையைக் கொண்டுவர வேண்டும். வாயு அடைத்த குப்பியிலிருந்து வரும் பொங்கு நுரை பார்வைக்கு நிறைந்ததாயினும் காற்று மிகுந்தது. காப்பில்லாத கூரின் கீழ் அது போதிய வழுவழுப்பைத் தராது.

கத்தி முகத்தைத் தொடும்போது

முதற் சவரத்துக்கு முன் தன் முகத்தில் மயிர் எத்திசையில் வளர்கிறது என்பதை விரலால் தடவி அறிந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும் மயிர், கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சுழியாகவோ வளரலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. உலகின் பல நாடுகளில் சவரத் தொழில் பழகுவோர், நுரை பூசிய ஊதற்பை ஒன்றை உடையாமல் வழிப்பதைத் தொடக்கப் பயிற்சியாகக் கொள்கின்றனர். அழுத்தம் என்பது எவ்வளவு தேவையற்றது என்பதை அப்பயிற்சி வார்த்தையின்றி உணர்த்துகிறது.

கத்தியைப் பிடிக்கும் முறையில், அலகுக்கும் அச்சாணிக்கும் இடைப்பட்ட தண்டின் மேல் மூன்று விரல்களையும், அச்சாணிக்கு அப்பால் நீண்டிருக்கும் வாற்பகுதியின் மேல் சிறுவிரலையும் வைத்து, பெருவிரலைக் கீழிருந்து தாங்கலாகக் கொடுப்பது பொதுவானது. கைப்பிடித் தகடுகள் மேல்நோக்கி விலகி நிற்கும். முதலில் அலகைத் தோலின் மேல் தட்டையாக வைத்து, பின்னர் முதுகை மெல்லத் தூக்கி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். முதுகுக்கும் தோலுக்கும் இடையே முதுகின் தடிப்பைப் போல் இருமடங்கு இடைவெளி இருப்பதாகக் கண்ணாடியில் தெரிந்தால் சாய்வு சரியாயிருக்கும். சாய்வு மிகக் குறைந்தால் மயிர் வெட்டுப்படாமல் இழுபடும். மிகக் கூடினால் கூர் தோலைச் சுரண்டும்.

மற்றக் கையின் வேலையை எவரும் குறைத்து மதிக்கின்றனர். தோலை இறுக்கி வைத்திருப்பதே கத்தி வழுக்கிச் செல்வதற்கு அடிப்படையாதலால், கிருதாவின் அருகே தொடங்கும்போது காதுக்கு மேலுள்ள தோலை மேல்நோக்கியும், தாடையில் வழிக்கும்போது கன்னத்தை மேலேயும் இழுத்துப் பிடிக்க வேண்டும். நுரை படிந்த விரல் வழுக்குவதால் அக்கையை உலர்வாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், கூருக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே செல்ல வேண்டும். கத்தியைக் கூரின் நீளத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் சிறிதளவு அசைத்தாலும் தோல் வெட்டுப்படும். வீட்டில் நிகழும் ஆழ்ந்த காயங்கள் பெரும்பாலும் அழுத்தத்தாலும் இந்தப் பக்க அசைவாலுமே ஏற்படுகின்றன.

முதல் வாரங்களில் இரு கன்னங்களை மட்டும், மயிர் வளரும் திசையில் ஒருமுறை வழித்து, எஞ்சிய பகுதியை வழமையான ரேசரால் முடிப்பது பாதுகாப்பான ஒழுங்கு. கன்னத்தில் கை நடுக்கமின்றிச் செல்லத் தொடங்கிய பின்னர் தாடைக்குக் கீழும் கழுத்துக்கும், அதன் பின்னரே மேலுதட்டுக்கும் நாடிக்கும் வர வேண்டும். நாடி உருண்டும் எலும்பு புடைத்தும் இருப்பதால் நேரான கூர் அதன் மேல் ஒரு புள்ளியில் மட்டுமே படுகிறது. கீழுதட்டைப் பற்களின் மேல் மடித்துத் தோலைச் சமப்படுத்தி, மிகச் சிறிய இழுப்புகளால் அதை வழிக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கன்னத்தை இடக்கையால் வழிக்கப் பழகுவது முதலில் அச்சந்தரினும், கண்ணாடியை மறைக்காமலும் மணிக்கட்டை முறுக்காமலும் வேலை செய்ய அதுவே நல்ல வழி. முழு முகமும் பழகிய பின்னர்தான், மீண்டும் நுரை பூசி, மயிருக்குக் குறுக்காக இரண்டாம் முறை வழிக்க முயலலாம். மயிருக்கு எதிர்த்திசையில் வழிப்பது எல்லோருக்கும் ஏற்றதன்று. சுருண்ட மயிருள்ளவருக்கு அது தோலுக்குள்ளேயே மயிர் திரும்பி வளர்ந்து கொப்புளமாக இடந்தரும்.

முடிவில் குளிர்ந்த நீரால் கழுவி, இலங்கையில் சீனக்காரம் எனவும் வழங்கும் படிகாரக் கட்டியை ஈரமாகத் தடவினால், அதன் துவர்ப்பு இயல்பு நுண்ணிய கீறல்களிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்துகிறது. எங்கெங்கே அழுத்தம் மிகுந்தது என்பதை அவ்விடங்களில் ஏற்படும் எரிவு காட்டிக்கொடுக்கும் என்பதால், மறுநாள் கவனிக்க வேண்டிய இடங்களையும் படிகாரமே சொல்லித்தருகிறது. நிற்காத இரத்தத்துக்குத் துப்புரவான துணியால் சில நிமிடங்கள் அழுத்துவதும், ஆழ்ந்த வெட்டுக்கு வைத்தியசாலைக்குச் செல்வதும் தவிர, வீட்டு வைத்தியம் நாடலாகாது.

ஈரக் காற்றில் ஓர் உருக்கு

கொழும்பின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதன் மிகுதி. வெள்ளவத்தைக் கரையில் உப்பும் அதனோடு சேர்கிறது. காபன் உருக்கின் நுண்கூரில் சில மணி நேரத்திலேயே துருவின் முதற் புள்ளிகள் தோன்றக்கூடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே அவை கூரைத் தின்றுவிடுகின்றன. ஆகவே சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, துவாயில் கூரை இழுக்காமல் முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்து, அச்சாணியின் இடுக்கிலுள்ள நீரையும் ஒற்றி எடுத்து, துணிப்பட்டையில் சில முறை இழுத்து, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்; தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுப்பாவதால் நெடுநாள் வைப்பதற்கு ஏற்றதன்று. தோல் வாருக்கும் இக்காலநிலை பகையாகும்: காற்றோட்டமில்லாத அலுமாரியில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், சுவரில் தொங்கவிட்டால் நீடிக்கும். சிறுவர் எட்டாத உயரத்தில் இரண்டையும் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எவர்க்கு ஏற்றது

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், காயம் ஆறத் தாமதமாகும் நீரிழிவு நோயாளர், கைநடுக்கம் உள்ளோர், முகத்தில் மருக்களோ செறிந்த பருக்களோ உடையோர் இக்கத்தியைத் தவிர்ப்பதே முறை. ஏனையோருக்கும் இது நேரத்தை மிச்சப்படுத்தும் முறையன்று. தேர்ந்தவருக்கும் நீரில் நனைப்பது முதல் கத்தியை உலர்த்துவது வரை 20 நிமிடங்களேனும் செல்லும். நல்ல கத்தி, வார், கல் ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால், சிக்கனம் என்ற காரணமும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே மெய்யாகும். பிளேட் வாங்கும் செலவும் பிளாஸ்டிக் குப்பையும் இல்லாமற்போவதும், ஒற்றைக் கூர் மயிரைத் தோலின் மட்டத்தில் வெட்டுவதால் சிலருக்குக் கொப்புளங்கள் குறைவதும், பேணினால் பேரன் கைக்கும் செல்லக்கூடிய கருவியொன்று வீட்டில் இருப்பதும் அதன் உண்மையான பயன்கள்.

கற்கும் வழிகளுள் சிறந்தது எழுத்தோ காணொளியோ அன்று, தேர்ந்த கையொன்றை அருகிலிருந்து பார்ப்பதாகும். முழு உருக்குக் கத்தியில் தொழில் பழகி வாரையும் கல்லையும் கையாண்ட மூத்த தொழிலாளர் கொழும்பின் பழைய சலூன்களில் தேடினால் கிடைப்பர். பிளேட் செருகும் கத்திக்கு மாறிய பின்னரும் சாய்வும் தோலிறுக்கமும் பற்றிய அறிவு அவர்களின் கையில் அப்படியே உள்ளது. கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் அவர்களிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பழகுபவர், அதற்கெனக் கொடுக்கும் பணத்தைச் சவரக் கூலியின் கணக்கில் சேர்க்காமல் ஆசிரியருக்குரிய கட்டணமாகவே கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் குடிமை என்ற பெயரில் ஊதியமும் மதிப்பும் மறுக்கப்பட்ட இக்கைத்திறன் எத்துணை நுட்பமானது என்பதை, தன் கன்னத்தில் முதல் வாரம் பட்ட கீறல்களோடு அவர்முன் அமரும் மாணவரே நன்றாக அறிவார்.